அருவிப் படத்தில் தண்ணீர் வெறும் வெள்ளையாக வருகிறது: எத்தனை நொடி வைப்பது?

சாரல்துளி:
வணக்கம். நீண்ட எக்ஸ்போஷருக்காகவே வெளிச்சத்தைக் குறைக்கும் 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் வாங்கினேன். அருவி சுமார் 5 மீட்டர் உயரம், மேகமூட்டமான வெளிச்சம். ஐஎஸ்ஓ 100, எஃப்/16, 30 நொடி. பாறையெல்லாம் கூர்மையாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் ஒரே வெள்ளைத் திட்டு. மற்றவர்கள் படங்களில் நூல் நூலாக இழைகள் தெரிகின்றனவே, அவை எப்படி வருகின்றன? ஃபில்டரில் கோளாறா, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) காரணமா?

இன்னும் இரண்டு சந்தேகம். படம் முழுக்க லேசாகப் பழுப்பு ஏறியிருக்கிறது. அருவிக்குப் பக்கத்தில் உள்ள செடிகள் குழம்பித் தெரிகின்றன.

கூழாங்கல்:
ஃபில்டரில் கோளாறு இல்லை. 30 நொடி என்பது அருவிக்கு மிக மிக அதிகம், அவ்வளவுதான். இழை வேண்டுமானால் அரை நொடியில் தொடங்குங்கள். அங்கிருந்து 1/4, 1/8 என்று இறங்கியும், 1, 2 நொடி என்று ஏறியும் பாருங்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்; 10 ஸ்டாப் என்றால் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஃபில்டரைக் கழற்றினால் அதே எஃப்/16-இல் 1/30 நொடி வந்திருக்கும். அதற்குப் பதிலாக 3 ஸ்டாப் ஃபில்டர், அதாவது என்டி 8 போட்டால் கிட்டத்தட்ட 1/4 நொடி. கூடவே ஒரு போலரைசரும் சேர்த்தால், அது ஒன்றரை ஸ்டாப் தின்னும் என்று வைத்துக்கொண்டால், முக்கால் நொடி. நிழலில் விழும் அருவிக்கு அதற்குமேல் பெரும்பாலும் தேவைப்படாது. 10 ஸ்டாப் எல்லாம் கடலுக்கும், நகரும் மேகத்துக்கும், நடுப்பகலுக்கும்.

சொல்லப்போனால் அருவிக்கு முதலில் வாங்க வேண்டியது போலரைசர்தான், என்டி இல்லை. ஈரப்பாறையிலும் இலையிலும் வானத்தின் வெள்ளை மினுமினுப்பு படிந்திருக்கும். போலரைசரைத் திருப்பினால் அது விலகி, பாறையின் கறுப்பும் பாசியின் பச்சையும் வெளியே வரும். பிறகு எந்த மென்பொருளிலும் அதைக் கொண்டுவர முடியாது, மினுமினுப்புக்கு அடியில் இருந்த நிறம் ஃபைலிலேயே இருக்காதே.

அரைநொடி:
கூழாங்கல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "அருவிக்கு எத்தனை நொடி" என்று கேட்பதைவிட, "ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் தண்ணீர் ஃப்ரேமுக்குள் எவ்வளவு தூரம் போகிறது" என்று கேட்டால் பதில் தானாக வந்துவிடும்.

5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர், காற்றின் தடையை விட்டுவிட்டால், அடிக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அடியை நெருங்கும்போது வேகம் நொடிக்குச் சுமார் 10 மீட்டர். 1/1000 நொடியில் அது நகர்வது 1 செ.மீ.; துளி உறைந்து நிற்கும். 1/4 நொடியில் ஏறக்குறைய இரண்டரை மீட்டர், அதாவது பாதி அருவி. அந்த நேரத்தில் ஒவ்வொரு கொத்துத் தண்ணீரும் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகிறது. ஒன்று அடர்த்தியாக, ஒன்று மெலிதாக. அதுதான் நீங்கள் கேட்கும் இழை. 30 நொடி வைத்தால் முழு அருவியும் முப்பது தடவை கடந்து போயிருக்கும். ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு, அதன் மேல் இன்னொன்று. எல்லாம் சராசரியாகி இடைவெளியே மிஞ்சாது. அந்த வெள்ளைத் திட்டு இப்படித்தான் வருகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதே ஃப்ரேமில் கீழே ஓடும் ஓடை நொடிக்கு அரை மீட்டர்தான் போகிறது என்று வையுங்கள். அருவிக்கு அழகாக அமைந்த 1/4 நொடியில் அது சுமார் 12 செ.மீ.தான் நகரும். குழம்பியது போலவும் இல்லாமல், உறைந்தது போலவும் இல்லாமல் அரைகுறையாக நிற்கும். அப்போது எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

லென்ஸும் கணக்கில் வரும். 24 மி.மீ. அகலக்கோண லென்ஸில் அருவி முழுவதையும் எடுக்கும்போது 1/2 நொடி சரியாக இருந்தால், அதே இடத்திலிருந்து 200 மி.மீ. போட்டு ஒரு மூலையை மட்டும் எடுக்கும்போது சென்சாரில் கோட்டின் நீளம் எட்டு மடங்குக்கு மேல் போய்விடும். அங்கே 1/15 போதும். யாரோ ஒருவர் படத்தின் கீழே இருக்கும் எண்ணை எடுத்து அப்படியே வைத்தால் சரிவராததற்கு இதுதான் காரணம்.

நேர்கோடு:
எல்லாம் சரி. ஆனால் இந்தப் பால் அருவி மோகம் எப்போது தீரும்? அருவி என்றால் அடி, முழக்கம், சிதறல். அதை மழுமழுவென்று ஆக்கி வைத்துவிட்டு "அமைதி" என்று தலைப்பு வேறு. 1/1000-இல் எடுத்துப் பாருங்கள். விளிம்பைத் தாண்டும் தண்ணீர் தகடாக விரிந்து, ஓட்டை விழுந்து, கிழிந்து, துளியாக உடைவது வரை எல்லாம் தெரியும். என் பார்வையில் அதுதான் உண்மை. மற்றது அலங்காரம்.

பழைய ஃபிலிம்காரன்:
நேர்கோடு தம்பி, அந்த மோகம் இன்று நேற்று வந்ததில்லை. 1861-இல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற புகைப்படக்காரர் அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனபோது 18க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளைத் தூக்கிக்கொண்டு போனார். மருந்து தடவிய ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கூடாரத்தில் கழுவ வேண்டும். அந்த மருந்துக்கு வெளிச்சத்தைப் பிடிக்கும் வேகம் மிகக் குறைவு. அருவி வழுவழுப்பாக வந்ததென்றால் அது விரும்பிச் செய்தது இல்லை, வேறு வழியே கிடையாது.

இதில் வேடிக்கை, எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற இன்னொரு புகைப்படக்காரர். 1872-இல் அவரும் அதே யோசமிட்டியில் பெரிய தகடுகளில் அருவி எடுத்தார், தண்ணீரெல்லாம் பால்தான். 1878-இல் ஓடும் குதிரையை வரிசையாகக் கேமராக்கள் வைத்து உறைய வைத்தவரும் அவரேதான். இரண்டில் எதை உண்மை என்று அவர் நினைத்திருப்பார்?

ஃபிலிம் காலத்தில் எங்களுக்கு இன்னொரு தலைவலி. ஒளிமீட்டர் 10 நொடி காட்டினால் 10 நொடி கொடுத்தால் போதாது. வெளிச்சம் மங்கலாக, நேரம் நீளமாக ஆக ஆக ஃபிலிம் சோம்பல்படும். ஒவ்வொரு ஃபிலிமுக்கும் ஓர் அட்டவணை வைத்துக்கொண்டு கூட்டிக் கொடுப்போம். ஃபியூஜியின் அக்ராஸ் 100 ஒரு விதிவிலக்கு, 120 நொடி வரை எதுவும் கூட்ட வேண்டாம். டிஜிட்டல் சென்சாரில் இந்தத் தொல்லையே இல்லை. ஃபில்டர் போட்டால் இரட்டிப்புக் கணக்கு நேராக வேலை செய்யும். கொடுத்து வைத்தவர்கள்.

நேர்கோடு:
ஐயா, வரலாறு சரி. வழியில்லாமல் செய்ததை, வழி வந்த பிறகும் ஏன் செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

அரைநொடி:
"உண்மை" என்று சொன்னதால் கேட்கிறேன். உங்கள் கண் 1/1000 நொடியில் பார்க்கிறதா? அந்தத் துளிகளை அருவிக்கு முன்னால் நின்றபோது நீங்கள் பார்த்தீர்களா, வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தீர்களா? கண்ணுக்குத் தெரிவது 1/30-க்கும் 1/4-க்கும் இடையில் எங்கோ இருக்கும் ஒரு தோற்றம். அதிலும் தண்ணீரோடு சேர்ந்து கண்ணும் கீழே ஓடினால் துளி தெரியும், ஓர் இடத்தில் நிறுத்தினால் இழை தெரியும்.

இன்னொன்று. ஒரு நிமிடம் அருவியையே வெறித்துப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பாறையைப் பாருங்கள். பாறை மெல்ல மேலே ஏறுவது போலத் தோன்றும். ஸ்காட்லாந்தில் ஃபாயர்ஸ் அருவியில் நின்று ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் 1834-இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். கீழ்நோக்கிய ஓட்டத்தைக் கண்டுகொண்டே இருந்த நரம்பு களைத்துப்போய், மூளை எதிர்த்திசையில் ஓட்டத்தைக் கற்பனை செய்கிறது. கண்ணையே இவ்வளவுதான் நம்பலாம் என்னும்போது, ஷட்டர் வேகத்தில் உண்மையைத் தேடுவது கொஞ்சம் அதிகம்.

நேர்கோடு:
கண் ஏமாறுகிறது என்பதால் படமும் ஏமாற்றலாம் என்று ஆகிவிடாது. சரி, இத்தோடு விடுகிறேன். தனி விவாதம் தொடங்கினால் அங்கே சண்டை போடலாம்.

சாரல்துளி:
சண்டை நன்றாகத்தான் இருந்தது :) 3 ஸ்டாப் ஃபில்டர் இரவல் வாங்கி மறுபடி போய் வந்தேன். அரை நொடியில் இழை வந்துவிட்டது! 1/4-இல் இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனமாக, எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. பழுப்பு நிறமும் போய்விட்டது. செடிகளின் குழப்பம் மட்டும் குறைந்த மாதிரி இல்லை. இன்னொரு விஷயம், நடுவில் தண்ணீர் கொட்டும் இடத்தில் இழை இல்லாமல் வெள்ளை வெந்துபோய் இருக்கிறது.

கூழாங்கல்:
பழுப்புக்குக் காரணம் 10 ஸ்டாப் கண்ணாடிதான். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒன்றாக்கும் கண்ணாடி, அகச்சிவப்பை அதே அளவுக்குத் தடுப்பதில்லை என்றால், சென்சாரில் அதன் பங்கு விகிதத்தில் கூடிவிடும். நல்ல ஃபில்டர்களில் அதற்கும் பூச்சு இருக்கும். ரா ஃபைலாக, அதாவது சென்சார் பதிந்த மூலத் தரவாக எடுத்திருந்தால் வெள்ளைச் சமநிலையை மாற்றிப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

செடி குழம்புவது ஷட்டரால் மட்டும் இல்லை. விழும் தண்ணீரே காற்றைத் தள்ளிக்கொண்டு வரும், அதனால் அருவியோரச் செடிக்கு ஓய்வே கிடையாது. முக்காலியை நகர்த்தாமல் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: ஃபில்டரைக் கழற்றி, ஐஎஸ்ஓ 1600, 1/250 மாதிரி. பிறகு கணினியில் அந்தப் படத்திலிருந்து செடியை மட்டும் எடுத்து முதல் படத்தின் மேல் வைக்கலாம்.

வெள்ளை வெந்துபோனது எக்ஸ்போஷர் தவறு. கறுத்த பாறையும் அடர்ந்த பச்சையும் ஃப்ரேமில் அதிகம் இருந்தால் ஒளிமீட்டர் படத்தை வெளிச்சமாக்கப் பார்க்கும். பலியாவது தண்ணீர். ஹிஸ்டோகிராமை, அதாவது கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தைப் பார்த்து, வலது ஓரத்தில் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டியிருக்கும். பாறை இருட்டாக வந்தால் பரவாயில்லை, ரா ஃபைலில் மீட்டெடுக்கலாம். வெந்துபோன வெள்ளையை மீட்க முடியாது.

ஈரக்கால்:
எல்லோரும் ஃபில்டரைப் பற்றியே பேசுகிறீர்கள். அருவிப் படம் கெடுவது பாதி நேரம் முக்காலியால்தான்.

ஓடைக்குள் முக்காலி வைப்பவர்கள் ஒருமுறை அதன் காலில் விரலை வைத்துப் பாருங்கள். தண்ணீர் மோத மோத ஒரு மெல்லிய அதிர்வு, கம்பி மீட்டியது போல விரலில் ஏறும். அதே அதிர்வுதான் கேமராவுக்கும் போகிறது. காலை மணலில் அப்படியே நிறுத்தினால் 1 நொடிக்குள் அது அமிழ்ந்தும் போகும், படத்தில் பாறை இரட்டையாக வரும். நான் செய்வது: கால்களை முதலிலேயே உள்ளங்கையால் அழுத்தி, இனி இறங்காது என்கிற அளவுக்குக் குத்திவிடுவேன். அடிக்கட்டை, அதாவது மெல்லிய கடைசிப் பகுதியை முழுக்க நீட்ட மாட்டேன். நடுத்தண்டை உயர்த்தவே மாட்டேன். ஒரு கால் ஓட்டத்துக்கு எதிராக, மற்ற இரண்டும் பின்னால். இரண்டு நொடி டைமர் அல்லது ரிமோட். லென்ஸிலோ கேமராவிலோ நடுக்கத் தடுப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். முக்காலியில் நிற்கிறோம் என்று தானே தெரிந்துகொள்ளும் மாடல்கள் உண்டு, ஆனாலும் அணைப்பதில் நஷ்டம் இல்லை.

அப்புறம் சாரல். லென்ஸ் மூடியைக் கடைசி நொடி வரை கழற்றாதீர்கள். கழற்றி, துடைத்து, கையாலோ குடையாலோ மறைத்து, டைமர் ஓடி முடியும் நேரத்தில் மறைப்பை எடுங்கள். சின்னத் திரையில் துளி தெரியாது. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. எஃப்/16-இல் லென்ஸ் மேல் உள்ள துளி இன்னும் தெளிவாகப் பதியும்.

ஃபில்டரை எல்லாம்விட முக்கியமானது ஒன்று. மேலே எங்கோ மழை பெய்திருந்தால் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் வெள்ளம் வரும். தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளியும் சருகும் மிதந்து வரத் தொடங்கினாலோ, சத்தம் மாறினாலோ, எக்ஸ்போஷர் முடியட்டும் என்று நிற்காதீர்கள். கரையேறுங்கள். கேமரா போனால் போகட்டும்.

சாரல்துளி:
ஈரக்கால் அண்ணா, விரல் வைத்துப் பார்க்கிறேன். எஃப்/16 வேண்டாம் என்றால் ஃபில்டர் இல்லாதபோது எஃப்/22 வைத்து நேரத்தை நீட்டுவது அதைவிட மோசமா?

அரைநொடி:
அவசரத்துக்குச் செய்யலாம், விலை உண்டு. துளை சின்னதாக ஆக ஆக வெளிச்சம் விளிம்பில் வளைந்து பரவும். எஃப்/8-இல் ஒரு புள்ளி வெளிச்சம் சென்சாரில் சுமார் 11 மைக்ரான் அகலத்துக்குப் பரவுகிறது என்றால், எஃப்/22-இல் அது 30 மைக்ரான். 24 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சாரில் ஒரு பிக்சல் 6 மைக்ரான்தான். பாறையின் சொரசொரப்பு முதலில் அடிவாங்கும். எஃப்/8-இலிருந்து எஃப்/11 வரை நல்ல இடம், எஃப்/16 தாங்கும்.

நிழற்குடை:
கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு இங்கே இடம் உண்டா? ஃபில்டரும் கிடையாது, அப்பர்ச்சரை மாற்றவும் முடியாது.

அரைநொடி:
உண்டு. ஒரே நீண்ட எக்ஸ்போஷருக்குப் பதில் பல குட்டிப் படங்களை எடுத்துச் சராசரி போடுவதுதான் வழி. ஐஃபோனில் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் லைவ் ஃபோட்டோவை (படத்தோடு சில நொடி அசைவையும் பதியும் முறை) நீண்ட எக்ஸ்போஷராக மாற்றும் வசதி இருக்கிறது. ஷட்டரைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை நொடி பதிவாவதால் மொத்தம் 3 நொடி கிடைக்கும். அருவிக்கு அது கொஞ்சம் அதிகம், ஓடைக்கு நன்றாக வரும். கூகுளின் பிக்சல் கைப்பேசிகளில் 6 முதல் அந்த வரிசையிலும் இப்படி ஒன்று உண்டு.

பெரிய கேமராவிலும் இதே வித்தை வேலை செய்யும். 1/8 நொடியில் 16 படம் எடுத்துச் சராசரி போட்டால் 2 நொடி எடுத்த மாதிரி. போனஸாக இரைச்சல் நாலில் ஒரு பங்காகக் குறையும். ஒலிம்பஸ் 2019-இல் இ-எம்1எக்ஸ் கேமராவில் கொண்டுவந்த லைவ் என்டியும் இதே தத்துவம்தான், கேமராவுக்குள்ளேயே செய்துவிடுகிறது.

சாரல்துளி:
அப்போ என் 10 ஸ்டாப் ஃபில்டர் பெட்டியிலேயே கிடக்க வேண்டியதுதானா?

கூழாங்கல்:
அருவியை விட்டுவிட்டு அதன் காலடியில் இருக்கும் குளத்தைப் பாருங்கள். ஓரத்தில் நுரை மிதக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் அது நகர்வதே தெரியாது, அங்கங்கே வெள்ளைப் பொட்டாக நிற்கும். 20, 30 நொடி திறந்து வைத்தால் ஒவ்வொரு பொட்டும் தான் போன பாதையை வரைந்துவிடும். சுழல் இருந்தால் முழு வட்டம், பாறைக்குப் பின்னால் என்றால் வளைந்து திரும்பும் கொக்கி. கீழே விழுந்த மஞ்சள் இலை ஒன்று அகப்பட்டால் வெள்ளை வட்டங்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் வளையம் வரும். ஃபில்டர் போடும் முன் எங்கே சுழல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒரு நுரைப் பொட்டை மட்டும் பிடித்து அது ஒரு சுற்று வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் உங்கள் ஷட்டர் நேரம். இந்த மாதிரிப் படத்தில் அருவியை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிவிடுவது நல்லது.

10 ஸ்டாப் போட்ட பிறகு ஃபோகஸ் தடுமாறும். முதலில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, அப்புறம் ஃபில்டரைச் செருகுங்கள். திருகும் வகை என்றால் ஃபோகஸ் வளையத்தில் கை படாமல். கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் பின்னால் கண் வைக்கும் துளையையும் மூடுங்கள், 30 நொடியில் அதன் வழியாக வெளிச்சம் கசிந்து படத்தில் ஊதாப் பட்டை விழும். மிரர்லெஸ் என்றால் அந்தக் கவலை இல்லை.

திருப்பித் திருப்பி அடர்த்தி மாற்றும் என்டியை நம்பி மட்டும் குளத்துக்குப் போகாதீர்கள். என்னிடம் இருந்த ஒன்று அகலக் கோணத்தில் முழு அடர்த்திக்குத் திருப்பினால் படத்தின் குறுக்கே பெரிய கறுப்புப் பெருக்கல் குறி போட்டுவிடும்.

நிழற்குடை:
இந்த விவாதத்துக்குச் சம்பந்தமா தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். சாரலில் வானவில் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. நண்பரின் கேமராவில் போலரைசர் போட்டு எடுத்ததில் வானவில்லையே காணோம். தண்ணீர் அழகாக இருக்கிறது.

பழைய ஃபிலிம்காரன்:
போலரைசர் விழுங்கிவிட்டது தம்பி. வானவில்லின் வெளிச்சம் துளிக்குள் எதிரொளித்து வருவதால் வில்லின் வளைவை ஒட்டியே பெரும்பாலும் முனைவாக்கம் ஆகியிருக்கும், அதாவது ஒரே திசையில் அதிரும். வளையத்தை ஒரு பக்கம் திருப்பினால் வில் மறையும், அங்கிருந்து கால் சுற்றுத் திருப்பினால் வில் முன்பைவிட அழுத்தமாகத் தெரியும். ஆனால் அப்போது ஈரப்பாறையின் மினுமினுப்பு ஒழுங்காக விலகுமா என்பது வில் எந்தப் பக்கம் வளைகிறது என்பதைப் பொறுத்தது. முழு வில்லும் ஃப்ரேமில் இருந்தால் இன்னும் சங்கடம், உச்சிக்குச் சரியானது காலுக்குச் சரிவராது. ஒரு பக்கத் துண்டு மட்டும் தெரியும்படி நின்றுகொண்டு, வில்லைப் பார்த்தே திருப்புங்கள், பாறையை மறந்துவிடுங்கள்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், உங்கள் தலை நிழலிலிருந்து சுமார் 42 டிகிரி தள்ளி வில் விழும். சாரல் அலைந்துகொண்டே இருந்தாலும் 1/4 நொடிக்கும் வில் கலையாது. துளிதான் நகரும், கோணம் நகராது.

நிழற்குடை:
கால் சுற்று. குறித்துக்கொண்டேன், நன்றி ஐயா. அடுத்த முறை வில் உள்ள படம் ஒன்று, இல்லாத படம் ஒன்று என்று இரண்டையும் இங்கே போடுகிறேன்.